காவு வாங்குவது இடமா, ஆளா? விபத்துப் பதிவேடுகளைப் படிக்கும் முறை

திருநெல்வேலிச் சீமையில் "அந்த இடம் காவு வாங்கும்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஒரு வளைவிலோ, ஓடைப் பாலத்தருகிலோ, பெருஞ்சாலையிலிருந்து ஊருக்கு வழி பிரியும் ஏதாவது ஓர் ஊர் விலக்கிலோ அடுத்தடுத்து ஆட்கள் அடிபட்டு இறந்தால், அங்கே ஏதோ ஒன்று இரத்தம் கேட்கிறது என்று ஊர் முடிவு செய்துவிடும். சில நாட்களில் பக்கத்து வேப்பமரத்தடியில் மஞ்சள் துணி சுற்றிய கல் ஒன்றும் தோன்றிவிடும். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு கூர்மையான கவனிப்பு இருக்கிறது. இறந்தவர்கள் வேறு, வண்டிகள் வேறு, நாட்கள் வேறு. மாறாமல் இருப்பது இடம் மட்டுமே என்பதை ஊர் கவனித்திருக்கிறது.

காவல் நிலையத்தின் பதிவேடு இதற்கு நேர்மாறான கேள்வியிலிருந்து தொடங்குகிறது. தவறு செய்த ஆள் யார் என்பதே அதன் கேள்வி. சட்டப்படி அது அவசியமான கேள்விதான். ஆனால் அடுத்த மாதம் அதே விலக்கில் இன்னொருவர் அடிபடாமல் இருக்க வேண்டுமென்றால், ஊர் கேட்கும் கேள்வியை, அதாவது "ஏன் இங்கே, ஏன் மறுபடியும்?" என்பதை, அந்தப் பதிவேட்டிடம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். விபத்துப் பதிவுகளைக் கொண்டு சாலைப் பாதுகாப்பை மேம்படுத்துவது என்று சொல்லப்படும் துறையின் அடிப்படை இதுதான்.

முதலில், ஒரு விபத்து எப்படிக் காகிதத்தில் ஏறுகிறது என்று பார்ப்போம். 108 வாகனம் காயம்பட்டவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கிறது. நம் பகுதியில் பலத்த காயம் என்றால் அது பெரும்பாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனையாக இருக்கும். அங்கே பணியிலிருக்கும் மருத்துவர், 'ஏ.ஆர்.' என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் விபத்துப் பதிவேட்டில், எங்கே, எப்போது, எந்த வண்டியால் அடிபட்டார் என்று உடன் வந்தவர் சொல்வதையும் காயங்களின் விவரத்தையும் எழுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புகிறார். நிலையத்திலிருந்து ஒருவர் வந்து வாக்குமூலம் வாங்குகிறார். பிறகு முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ், அசட்டையாக வண்டி ஓட்டியதற்கு 281, காயம் விளைவித்ததற்கு 125, மரணம் நேர்ந்தால் 106(1) என்ற பிரிவுகளில் பதியப்படுகிறது. பழைய பதிவுகளில் இதே வழக்குகள் இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 337, 338, 304ஏ என்று இருக்கும். புலன்விசாரணை அதிகாரி சம்பவ இடத்துக்குச் சென்று, சாட்சிகள் முன்னிலையில், அங்கே கண்டதை எழுதிவைக்கும் பார்வை மகஜரும், 'ரஃப் ஸ்கெட்ச்' எனப்படும் மாதிரி வரைபடமும் தயாரிக்கிறார். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்து, பிரேக் முதலியவை பழுதில்லாமல் இருந்தனவா என்று சான்றளிக்கிறார்.

இவ்வளவும் நீதிமன்றத்துக்கும், இழப்பீடு கோரும் வழக்குக்கும் உரியவை. ஆனால் அந்த ரஃப் ஸ்கெட்ச் இருக்கிறதே, அது சாலைப் பொறியாளருக்குப் பொன் போன்றது. சாலை எத்தனை அடி அகலம், வண்டி எந்தத் திசையிலிருந்து வந்தது, மோதிய இடம் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் என்ன கட்டடம் என்பவையெல்லாம் அதில் இருக்கும். வழக்கு முடிந்ததும் கட்டோடு கட்டாக அது பீரோவுக்குள் போய்விட்டால், அந்த விபத்து சாலையைப் பற்றிச் சொன்ன பாடமும் உள்ளே போய்விடுகிறது.

இந்தக் கட்டுகளிலிருந்து பாதுகாப்புக்கு வேண்டிய விவரங்களை மட்டும் கணினியில் தொகுக்கும் வேலையைத் தமிழ்நாடு சில மாநிலங்களுக்கு முன்பாகவே தொடங்கியது. இப்போது நாடு முழுவதற்கும் 'ஐராட்' என்ற ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் இருக்கிறது. உலக வங்கி உதவியோடு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த இதைச் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைக்க, தேசியத் தகவலியல் மையம் செயல்படுத்துகிறது. முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காவலர் தம் கைபேசியிலேயே விபத்தின் விவரங்களையும் படங்களையும் இடத்தையும் பதிகிறார். அதே பதிவில் போக்குவரத்துத் துறை வண்டியைப் பற்றியும், நெடுஞ்சாலைத் துறை சாலையைப் பற்றியும், மருத்துவமனை காயத்தைப் பற்றியும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன.

விபத்துப் பதிவின் உயிர்நாடி அதன் இடக்குறிப்புதான் என்பது என் கருத்து. நேரம், வயது, வண்டி வகை என்று எது தவறினாலும் சமாளித்துக்கொள்ளலாம். இடம் தவறினால் அந்தப் பதிவு எந்தச் சாலைக்கும் உதவாது. "கயத்தாறு தாண்டி டீக்கடை எதிரில்" என்று பழைய அறிக்கையில் எழுதியிருந்தால், எந்த டீக்கடை என்பது எழுதியவருக்கே இரண்டு ஆண்டு கழித்து நினைவிருக்காது. கைபேசி தரும் அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிப்பு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. ஆனால் சம்பவ இடத்தில் நின்று பதிந்தால்தான் தீர்க்கும். நிலையத்துக்குத் திரும்பி வந்து நிதானமாகப் பதிந்தால், வரைபடத்தில் விபத்துகளெல்லாம் காவல் நிலைய வாசலிலேயே நடந்தவையாகத் தெரியும்.

எல்லைகளும் இப்படித்தான் கண்ணை மறைக்கும். திருநெல்வேலியில் மாநகரக் காவல்துறை ஒன்று, மாவட்டக் காவல்துறை வேறொன்று. ஒரு சந்திப்பின் இரு பக்கங்களும் இரண்டு நிலையங்களின் எல்லைக்குள் வந்தால், இங்கே மூன்று, அங்கே மூன்று என்று பிரிந்து பதிவாகி, ஆறு விபத்து நடந்த இடம் யாருடைய பட்டியலிலும் மேலே வராமல் போகும். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. திருநெல்வேலி–தென்காசிச் சாலையின் நீண்ட காலக் கணக்கு வேண்டுமென்றால் இரண்டு மாவட்டக் கணக்குகளையும் ஒட்டித்தான் பார்க்க வேண்டும். கங்கைகொண்டான், தாழையூத்து, நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் நெடுஞ்சாலை இன்று எண் 44. பழைய பதிவுகளில் அதுவே எண் 7. கணினிக்கு இது சொல்லிக் கொடுக்கப்படாவிட்டால் ஒரே சாலை இரண்டாகிவிடும்.

இடம் சரியாகக் கிடைத்துவிட்டால் அடுத்த வேலை எண்ணுவது. ஊர் 'காவு வாங்கும் இடம்' என்று சொல்வதற்கு மத்திய அமைச்சகம் வைத்திருக்கும் பெயர் 'கரும்புள்ளி'. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், கடந்த மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைவித்த விபத்துகள் ஐந்து நடந்திருந்தாலும், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தாலும் அது கரும்புள்ளி. ஏன் மூன்று ஆண்டு, ஓர் ஆண்டு போதாதா என்று கேட்கலாம். இதற்கு விடை தாயக்கட்டையில் இருக்கிறது.

இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்குப் பத்து முறை தாயக்கட்டை உருட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவருக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தாயம் விழும். அவரையே இன்னொரு பத்து முறை உருட்டச் சொன்னால் அநேகமாக முன்பைவிடக் குறைவாகத்தான் விழும். கட்டையில் எந்த மாற்றமும் இல்லை, முதல் முறை விழுந்தது தற்செயல். இடையில் அவர் நெற்றியில் யாராவது திருநீறு பூசியிருந்தால், திருநீற்றால்தான் தாயம் குறைந்தது என்று சத்தியம் செய்வார்கள். சாலையிலும் இதுவே நடக்கிறது. ஒரே ஓர் ஆண்டில் மிக மோசமாக இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே ஒரு மஞ்சள் விளக்கை மாட்டினால், அடுத்த ஆண்டு எண்ணிக்கை குறைவதற்கே வாய்ப்பு அதிகம், விளக்கு எரியாவிட்டாலும்கூட. பல ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பதும், எதுவும் செய்யாமல் விட்ட அதே மாதிரியான வேறு இடங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இந்த ஏமாற்றத்திலிருந்து தப்பும் வழிகள்.

எண்ணிக்கை ஓர் இடத்தைக் காட்டும்; அங்கே என்ன செய்வது என்பதைக் காட்டாது. அதற்கு ஒவ்வொரு விபத்தையும் அம்புக்குறியாக ஒரே வரைபடத்தில் போட வேண்டும். இதை மோதல் வரைபடம் என்று சொல்லலாம். ஒரு கற்பனை விலக்கை எடுத்துக்கொள்வோம். வடக்கு தெற்காக ஓடும் நான்குவழிச் சாலை; கிழக்கே ஊர், மேற்கே பள்ளிக்கூடம், நடுவில், இரு திசைப் பாதைகளையும் பிரிக்கும் மீடியனில் ஒரு திறப்பு. மூன்று ஆண்டுகளில் 12 பதிவுகள். ஊரிலிருந்து வந்து குறுக்கே கடந்த பைக்கைத் தெற்கு நோக்கிப் போன கார் பக்கவாட்டில் இடித்தது 5; நடந்து கடந்தவர்மீது மோதியது 3, மூன்றும் இருட்டிய பிறகு; எதிர்த்திசையில், அதாவது ராங் சைடில், வந்த இருசக்கர வாகனங்கள் 2; நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியது 1; நாய் குறுக்கே ஓடிச் சறுக்கி விழுந்தது 1.

அந்த ஐந்து அம்புகளைக் கவனியுங்கள். பைக் ஓட்டிகளின் அவசரம் மட்டுமே காரணம் என்றால், இடிபட்டது அருகிலுள்ள தெற்கு நோக்கிய பாதையிலும் அப்பாலுள்ள வடக்கு நோக்கிய பாதையிலுமாகக் கலந்திருக்கும். ஐந்தும் அருகிலுள்ள பாதையிலேயே இருப்பதால், ஊர்ச்சாலை வாயிலில் நிற்பவருக்கு வலப்புறத்திலிருந்து, அதாவது வடக்கிலிருந்து, வரும் வண்டி தெரியவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். போய்ப் பார்த்தால் வடக்கு மூலையில் ஒரு கடைப் பந்தலோ, வாழ்த்துப் பலகையோ, முள்மரமோ நிற்கக்கூடும். ஐந்தும் அப்பாலுள்ள பாதையில் நடந்திருந்தால் மீடியனில் ஆளுயரம் வளர்ந்த அரளியை வெட்டச் சொல்லியிருப்போம். அம்பின் இடம் சில அடி மாறினால் மருந்தும் மாறிவிடுகிறது.

இருட்டிய பிறகு நடந்த மூன்றும் விளக்குக் கம்பத்தைக் கேட்கின்றன. ராங் சைடு இரண்டைப் பற்றி நாம் வழக்கமாக "ஒழுங்கில்லாத ஜனம்" என்று சொல்லி முடித்துவிடுவோம். ஆனால் முறைப்படி திரும்ப வேண்டுமென்றால் அடுத்த திறப்பு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, சர்வீஸ் ரோடும் இல்லை என்றால், புல்லுக்கட்டோடு வரும் ஒருவர் நான்கு கிலோமீட்டர் சுற்றுவார் என்று எதிர்பார்ப்பது வரைபடம் போட்டவரின் பிழை. இந்த வரைபடத்தைப் பார்க்காமலே நம் ஊர்களில் முதலில் வந்து சேரும் மருந்து, நகைக்கடை பெயர் எழுதிய பேரிகார்டுதான். இடத்துக்குப் பொருந்தினால் அது வேகத்தைக் குறைக்கும். ரிஃப்ளெக்டர் உதிர்ந்த நிலையில் இரவில் நடுச்சாலையில் நின்றால் பதின்மூன்றாவது அம்பாகிவிடும்.

இனி, பதிவேட்டில் எல்லோரும் முதலில் தேடும் 'காரணம்' என்ற கட்டத்துக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டு இந்தியாவில் பதிவான 4,61,312 சாலை விபத்துகளில் 72 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமானவற்றுக்கு அதிவேகமே காரணம் என்று அமைச்சகத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. வேகம் கொல்லும் என்பதில் ஐயமே இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆனாலும் இந்த எண்ணை அப்படியே விழுங்கக் கூடாது. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து" என்பது முதல் தகவல் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் வாசகம். குற்றப் பிரிவின் தேவைக்காக அது எழுதப்படுகிறது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு காரணத்தைத் தேர்ந்தெடு என்று படிவம் கேட்டால், கைக்கு முதலில் கிடைக்கும் காரணம் ஓட்டுநர்தான்.

ஒரு விபத்துக்கு ஒரே காரணம் என்ற எண்ணத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஹாடன் என்ற அமெரிக்க மருத்துவர். 1960-களில் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு முகமையின் முதல் தலைவராக இருந்தவர். விபத்துக்கு முன், விபத்தின்போது, விபத்துக்குப் பின் என்று மூன்று வரிசை. மனிதர், வண்டி, சூழல் என்று மூன்று நெடுவரிசை. ஆக ஒன்பது கட்டங்களை அவர் வரைந்தார். நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிய அந்த ஒற்றை விபத்தை இதில் இட்டுப் பாருங்கள். பைக்காரருக்குத் தூக்கக் கலக்கம். லாரியின் பின்விளக்கு எரியவில்லை. லாரி ஒதுங்கி நிற்கச் சாலையோரத்தில் தனி இடம் இல்லை. மோதும்போது தலைக்கவசம் வண்டியின் கண்ணாடியில் தொங்கியது. லாரியின் பின்புறத் தடுப்புக் கம்பி உடைந்திருந்தது. மோதிய பிறகு, வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சி வழிப்போக்கர்கள் தயங்கினார்கள். இவற்றில் எந்த ஒன்றை மாற்றியிருந்தாலும் அவர் பிழைத்திருக்கலாம். கடைசியாகச் சொன்ன அச்சத்துக்கு இப்போது இடமில்லை: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்குகளிலிருந்து காக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வழி செய்தது.

நேரமும் பருவமும் பதிவேட்டில் எளிதில் கிடைக்கும் விவரங்கள். நாடு முழுவதும் மாலை 6 முதல் இரவு 9 வரையிலான மூன்று மணி நேரத்தில்தான் விபத்துகள் மிகுதி. நம் பகுதிக்கென்று தனிப் பருவங்களும் உண்டு. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகப் பழக்கமில்லாத வெளியூர் ஓட்டுநர்கள் பெருகுவார்கள். தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் திருச்செந்தூருக்கு நடந்து போகும் பக்தர்கள் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பார்கள். ஆண்டு மொத்தத்தில் கரைந்துபோகும் இந்த வாரங்களைத் தனியே பிரித்துப் பார்த்தால்தான், நடப்போருக்கு ஒளிரும் பட்டைகளை எந்த நாளில், எந்த இடத்தில் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். தெற்கே பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலை இறக்கைகளை ஏற்றிவரும் நீள வண்டிகள் திரும்பும் இடங்களையும் இதே முறையில் பார்க்கலாம்.

பதிவேட்டில் ஏறாதவை எவை என்பதையும் மறக்கக் கூடாது. சாணியிலோ மணலிலோ சறுக்கி விழுந்து கை ஒடிந்தவர் நேராக வைத்தியசாலைக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வார். இரண்டு தரப்பும் டீக்கடையில் பேசி முடித்துக்கொள்ளும். மரணங்கள் பெரும்பாலும் பதிவாகின்றன, காயங்கள் அப்படியல்ல. ஆகவே காவல் நிலையப் பதிவை மருத்துவமனையின் ஏ.ஆர். பதிவோடும் 108-இன் அழைப்புப் பதிவோடும் ஒட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். விபத்து நடந்து 30 நாட்களுக்குள் இறந்தால் அது சாலை விபத்து மரணம் என்பது பன்னாட்டு வழக்கு. ஹைகிரவுண்டில் மூன்றாவது வாரத்தில் இறந்தவரின் கணக்கு, சம்பவ இடத்துக்குரிய காவல் நிலையத்தில் 'காயம்' என்றே நின்றுவிட்டால் மொத்தம் குறைந்துவிடும். தமிழ்நாட்டின் சாலை மரணங்கள் அதிகாரபூர்வக் கணக்கில் 2016-இல் 17,218 ஆகவும், 2019-இல் 10,525 ஆகவும், 2022-இல் 17,884 ஆகவும் இருந்தன. இவ்வளவு பெரிய இறக்கத்தையும் ஏற்றத்தையும் பார்க்கும்போது, சாலையில் என்ன மாறியது என்று கேட்பதோடு எண்ணும் முறையில் ஏதாவது மாறியதா என்றும் கேட்டுவிடுவது பதிவேடு படிப்பவரின் கடமை.

இதற்கெல்லாம் மாவட்டத்தில் ஒரு மேசை இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவில் காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, மருத்துவத் துறையினர் சேர்ந்து உட்காருகிறார்கள். சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ விதித்த தரம் மீறப்பட்டு மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இடம் கொடுக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் "எங்கள் ஊர் விலக்கில் அடிக்கடி விபத்து நடக்கிறது, நடவடிக்கை எடுக்கவும்" என்று கொடுக்கும் மனுவைவிட, மூன்று ஆண்டுகளில் நடந்த ஒவ்வொன்றின் தேதி, நேரம், காவல் நிலையம், குற்ற எண், யார் எந்தத் திசையில் போனார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, கையால் போட்ட வரைபடத்தோடு கொடுக்கும் மனு அந்த மேசையில் வேறுவிதமாகப் படிக்கப்படும். முதல் தகவல் அறிக்கைகளைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். இடத்தைக் குறிக்க, தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலையோடும் மாநில நெடுஞ்சாலையில் பச்சைத் தலையோடும் நிற்கும் கிலோமீட்டர் கல்லின் எண்ணை எழுதுங்கள். இரண்டு கற்களுக்கும் நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்கள் நட்டிருப்பார்கள், புல்லை விலக்கிப் பார்த்தால் தெரியும்.